வீட்டிலேயே படிக்கட்டுமா, ஊர்ப் பள்ளிக்கு அனுப்பட்டுமா?

டீச்சரம்மாவுக்கு வணக்கம். எங்களுக்குப் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். ஓசூரில் ஏழு வருடம் இருந்தோம். மாமனார் தவறிய பிறகு போன ஆனியில் ஊரோடு வந்துவிட்டோம். என் கணவருக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. வாரத்தில் மூன்று நாள் அங்கே, மீதி நாள் வீட்டிலிருந்தே வேலை. மகளுக்கு எட்டு வயதாகிறது, மூன்றாவது படிக்கிறாள். பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளி. காலை ஏழேகாலுக்கு வேன் வந்துவிடும். நான்கு மாதமாகக் காலையில் வயிற்று வலி என்று அழுகிறாள். லீவு நாளில் வலி இல்லை. ஞாயிறு சாயங்காலம் ஆனால் முகம் வாடிவிடுகிறது. சின்னவனுக்கு ஐந்து முடியப்போகிறது, வரும் ஜூனில் ஒன்றாவதில் சேர்க்க வேண்டும். இரண்டு பேரையும் வீட்டிலேயே படிக்க வைத்துவிடலாம் என்கிறார் கணவர். அமெரிக்காவில் எத்தனையோ குடும்பங்கள் அப்படிச் செய்கின்றன என்று வீடியோ காட்டுகிறார். 'நீ பி.எஸ்சி., பி.எட். தானே, உனக்கு என்ன கஷ்டம்' என்கிறார். (டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன், இங்கே வந்ததும் அது விட்டுப்போயிற்று.) மாமியார் ஊர்ப் பள்ளியிலேயே போடச் சொல்கிறார். நடந்தால் பத்து நிமிடம். ஐந்தாவது வரை 46 பிள்ளைகள், இரண்டு டீச்சர். அங்கே போட்டால் பின்தங்கிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்குமா? சான்றிதழுக்கு என்ன செய்வது? ஒரு வழி சொல்லுங்கள்.
ஒரு வாசகி, பாலக்கோடு வட்டம்

அன்புத் தங்கைக்கு,

வீடா பள்ளியா என்று கேட்டிருக்கிறீர்கள். அதைவிட என் கண்ணில் பட்டவை இரண்டு சின்ன வரிகள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குழந்தையின் முகம் வாடுவது ஒன்று. அடைப்புக்குறிக்குள் நீங்கள் ஒதுக்கி வைத்திருக்கும் டெட் தேர்வு இன்னொன்று. இரண்டுக்கும் வருகிறேன்.

முதலில் வயிற்று வலி. நான்கு மாதம் என்பது அதிகம். பாலக்கோடு அரசு மருத்துவமனையிலோ, தருமபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலோ ஒரு முறை காட்டிவிடுங்கள். குடல் பூச்சி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று மூன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டால் மேற்கொண்டு யோசிக்கத் தெளிவு வரும். லீவு நாளில் வலிக்கவில்லை, அதனால் நடிக்கிறாள் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பயத்தில் வருகிற வயிற்று வலியும் நிஜமாகவே வலிக்கும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நான் முதலில் விசாரிப்பது கழிப்பறையைத்தான். காலை ஏழு மணிக்குக் கிளம்பி மாலை ஐந்துக்கு வீடு திரும்பும் வரை ஒரு தடவைகூடப் போகாத சிறுமிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். போக வேண்டிவருமே என்று தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். இன்று சாயங்காலம் அவள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தூக்கிப் பாருங்கள். காலையில் நிரப்பிக் கொடுத்த கனத்தோடேயே வந்திருந்தால் பாதிக் காரணம் உங்கள் கையில் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு அவள் வயிற்றில் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். அவசரத்தில் அரை தோசை, ஒரு வாய் பால், அப்புறம் வேனில் முக்கால் மணி நேரக் குலுக்கல் என்றால் பெரியவர்களுக்கே பிரட்டும்.

அடுத்து, ஏன் அழுகிறாய் என்று கேட்காதீர்கள். 'தெரியல' என்றுதான் வரும். எட்டு வயதுக்கு அது பெரிய கேள்வி. அவரைக்காய் ஆய்ந்துகொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், அன்றைய நாளை முதலிலிருந்து கதை மாதிரி சொல்லச் சொல்லுங்கள். வேனில் எந்த சீட், பக்கத்தில் யார், இறங்கியதும் எங்கே போவாய், முதல் பீரியட் யார் வருவார்கள். எங்கே குரல் இறங்குகிறதோ, எந்த மணி நேரத்தைச் சொல்லாமல் தாண்டுகிறாளோ, விஷயம் அங்கே இருக்கும். என்னிடம் வந்த ஒரு சிறுமி காலை பிரேயரிலிருந்து வேன் ஏறுகிற வரை எல்லாம் சொன்னாள், மூன்றாவது பீரியடை மட்டும் இரண்டு தடவையும் விட்டுவிட்டாள். வாய்ப்பாடு தப்பாகச் சொன்னவர்களை அந்த பீரியட் முழுக்க நிற்க வைக்கிற வழக்கம் இருந்தது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், காரணம் தெரியாமலே வீட்டில் நிறுத்திக்கொண்டால், பயம் வந்தால் வீட்டுக்குள் வந்துவிடலாம் என்பது பிள்ளை மனதில் படிந்துவிடும். அப்புறம் பாட்டு கிளாஸ், கல்யாண வீடு, புது ஊர் எல்லாவற்றுக்கும் வயிறு வலிக்கும். வேன்தான் காரணமென்றால் வேன் இல்லாத பள்ளி போதும். ஒரு டீச்சர் காரணமென்றால் அந்த டீச்சர் இல்லாத இடம் போதும். பள்ளி என்பதையே விட்டுவிடும் அளவுக்கு அவளுக்கு என்ன நடந்திருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

சரி, சட்டம். 2009-ல் இயற்றி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் 10-வது பிரிவு. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் எழுதி வைக்கவில்லை. வீட்டுக்கல்வி என்ற பேச்சே அதில் கிடையாது. அதனால் நம் நாட்டில் வீட்டில் படிக்க வைக்கிறவர்கள் குற்றவாளிகளும் இல்லை, அவர்களுக்கென்று ஒரு பாதுகாப்பும் இல்லை. உங்கள் கணவர் பார்க்கும் அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் இதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. சில மாநிலங்களில் வருடா வருடம் தேர்வோ மதிப்பீடோ காட்ட வேண்டும், சிலவற்றில் தகவல்கூடத் தர வேண்டியதில்லை. ஜெர்மனியில் பள்ளிக்கு அனுப்பியே தீர வேண்டும். அந்தந்த ஊர் ஏற்பாடு அந்தந்த ஊருக்கு.

இங்கே நடைமுறையில் என்ன ஆகும் என்பதைச் சொல்கிறேன். மகளுக்கு எமிஸ் எண் ஒன்று இருக்கும், கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் கொடுக்கும் அடையாள எண். டி.சி. வாங்கியதும் அது பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். வேறொரு பள்ளி அந்த எண்ணை எடுத்துக்கொள்ளாத வரை அவள் கணக்கில் பள்ளி செல்லாக் குழந்தை. கணக்கெடுப்புக்கு வரும் ஆசிரியர் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார். நானே தட்டியிருக்கிறேன். 31 வருட வேலையில் ஆறு வருடம் வட்டார வள மையத்தில் இருந்தேன், பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடி வீடு வீடாகப் போவதுதான் வேலை. கல்யாணம் பேசி வைத்திருந்த ஒன்பதாவது படிக்கும் பெண், அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போன பையன், தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றுபோன அக்கா, இவர்கள் இருக்கிற அதே பட்டியலில்தான் உங்கள் மகள் பெயரும் வரும். வருகிற ஆசிரியரிடம் உங்கள் கணவர் கோபப்பட வேண்டாம். நம் மாவட்டத்தில் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்ததால் திரும்பி வந்த பெண் பிள்ளைகளை எனக்குப் பெயர் பெயராகத் தெரியும்.

சான்றிதழுக்கு வழி இருக்கிறது. 12½ வயது முடிந்தால் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை எழுதலாம். அதில் தேறினவர்கள் பின்னால் பத்தாவதையும் தனித்தேர்வராக எழுதலாம், அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு மட்டும் பதிவு செய்துகொண்டு போய்வர வேண்டும். இன்னொரு வழி தேசியத் திறந்தநிலைப் பள்ளி, ஓப்பன் ஸ்கூல் என்று சொல்வோமே, அது. பத்தாவதுக்கு 14 வயது, பன்னிரண்டாவதுக்கு 15 வயது முடிந்திருக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு நடக்கும். ஐந்து வருடத்தில் ஒன்பது தடவை எழுத வாய்ப்பு உண்டு. தமிழ்நாட்டு அரசு வேலைக்கு அந்தச் சான்றிதழை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை மட்டும், பணம் கட்டுவதற்கு முன்னால் அன்றைக்கு இருக்கிற அரசாணையை வைத்துச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அதே கட்டாயக் கல்விச் சட்டத்தின் 4-வது பிரிவுப்படி, பள்ளிக்கு வராமல் இருந்த பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். எனவே வீட்டில் வைத்துப் பார்த்துச் சரிவராவிட்டால் கதவு அடைபட்டுவிடாது. ஆக, வீட்டுக்கல்வி வேண்டாம் என்று நான் சொன்னால் அது சட்டத்துக்கோ சான்றிதழுக்கோ பயந்து சொல்வதாக இருக்காது.

வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன். உங்கள் வீட்டு நிலைமையை வைத்துச் சொல்கிறேன்.

வீட்டுக்கல்வி என்று உங்கள் கணவர் சொல்வது நடைமுறையில் அம்மாக்கல்வி. அவர் மூன்று நாள் பெங்களூரில். மீதி நாளில் காதில் ஹெட்போனோடு ஒரு அறைக்குள். காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை உங்கள் ஒரு நாளை ஒரு தாளில் மணி மணியாக எழுதுங்கள். சமையல், துணி, மாமியாருக்கு மாத்திரை, நிலத்துக்கு வரும் ஆட்களுக்குச் சாப்பாடு, மாடு இருந்தால் மாடு. அந்தத் தாளை அவரிடம் கொடுத்து, 'இதில் எந்த இரண்டு மணி நேரம் பாடத்துக்கு, அந்த நேரத்து வேலையை யார் செய்வார்கள், நீங்கள் எந்தப் பாடத்தை எடுத்துக்கொள்கிறீர்கள்' என்று கேளுங்கள். சண்டையாகக் கேட்க வேண்டாம். அவர் பிள்ளைகள் மேல் உள்ள அக்கறையில்தான் இந்த யோசனைக்கு வந்திருக்கிறார். வேனில் அழுதுகொண்டே ஏறும் மகளைப் பார்த்து எந்த அப்பாவுக்கும் மனசு கேட்காது. ஆனால் கணக்கு போட்டுப் பார்க்காத அக்கறை கடைசியில் ஒருத்தர் முதுகில் போய் உட்கார்ந்துவிடும்.

டெட் தேர்வை நீங்கள் விடக் கூடாது. பி.எட். முடித்த பெண் ஊருக்கு வந்து, புத்தகத்தை அட்டைப்பெட்டியில் போட்டுப் பரண்மேல் வைத்து, அப்படியே இருபது வருடம் போன வீடுகளை இந்த மாவட்டம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் அந்த ஆறு மணி நேரத்தில் உங்களுக்கு இரண்டு மணி நேரமாவது கிடைக்கும். இதை நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

வீட்டில் படிப்பதற்கு என்று சில பலங்கள் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஒரு பிள்ளைக்கு எதிரில் ஒருத்தர் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்தால், நாற்பது பேர் வகுப்பில் ஒரு நாள் முழுக்க நடப்பதைவிட அதிகம் நடக்கும். புரியாத இடத்தில் நிற்கலாம், புரிந்ததைத் தாண்டலாம். நம் மாவட்டத்திலேயே நாகர்கூடலில் இருக்கும் புவிதம் பள்ளி, சொந்தப் பிள்ளைகளைத் தாங்களே வளர்த்துப் படிக்க வைக்க நினைத்த ஒரு குடும்பத்திலிருந்து வந்ததுதான். மண், விவசாயம், கைவேலை என்று ஊர்ப் பிள்ளைகளுக்கான பள்ளியாகவே அது வளர்ந்தது. அரூர் பக்கம் சிட்டிலிங்கியில் 'துளிர்' இருக்கிறது. உங்கள் கணவரை ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள். மாற்றுக் கல்வி என்று இறங்கியவர்கள் தங்கள் பிள்ளையோடு மற்றப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டதை அவர் கண்ணால் பார்க்கட்டும்.

அப்படிச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பையனைச் சொல்கிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நிலம் வாங்கித் தங்கிய, நன்றாகப் படித்த தம்பதி. ஐந்தாவது வரை வீட்டிலேயே படிக்க வைத்தார்கள். அப்புறம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போகவே ஆறாவதில் கொண்டுவந்து சேர்த்தார்கள். புத்திசாலி. பட்டுப்புழு நாலு தடவை தோல் உரிப்பதையும், கூடு கட்டுகிற பருவத்தில் அதன் உடம்பு கண்ணாடி மாதிரி ஆகிவிடுவதையும் எனக்கே பாடம் எடுத்தான். முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். இவன் கையில் தட்டோடு வராந்தாத் தூண் ஓரம் நின்றான். வரிசை வளர்ந்துகொண்டே போயிற்று. யாராவது இடம் விட்டு, 'நீ வா' என்று சொல்வார்கள் என்று காத்திருந்தான். வீட்டில் அப்படித்தானே பழக்கம். கடைசியில் ஏழாவது படிக்கும் ஒரு சின்னப் பெண் வந்து சட்டையைப் பிடித்து இழுத்து வரிசையில் செருகிவிட்டாள். வகுப்பிலும் அதேதான், நாலு பேர் சேர்ந்து பேசும்போது எல்லாரும் முடித்து அமைதியாகட்டும் என்று காத்திருப்பான். அமைதியே வராது. கபடியில் அவுட் என்றால் வாதாடுவான், அப்புறம் அழுவான். அரைப் பரீட்சை வரும்போது சரியாகிவிட்டான். ஆனால் அந்த ஐந்து மாதம் அவன் பட்ட பாடு ஆறு வயதில் பட்டிருந்தால் அது பாடாகவே தெரிந்திருக்காது.

நம் பக்கத்து ஊர்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். கோயில் வேறு, சுடுகாடு வேறு. எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே கரண்டிச் சாதம் சாப்பிட்டு, ஒரே பந்துக்கு அடித்துக்கொள்கிற இடம் அந்தத் தொடக்கப் பள்ளி ஒன்றுதான். உங்கள் மகள் அந்த ஊரில் வளரப்போகிறாள். அந்தப் பிள்ளைகளின் பெயர் தெரியாமல், வேனில் போய் வேனில் வந்து, அல்லது வீட்டுக் கேட்டுக்குள்ளேயே இருந்து வளர்வது எனக்குச் சம்மதமில்லை.

இனி உங்கள் பயம். அரசுப் பள்ளியில் பின்தங்கிவிடுவார்களா? பின்தங்கியதை நான் பார்த்திருக்கிறேன், என் வகுப்பிலேயே. நான் தலைமையாசிரியராக இருந்த ஒரு சின்னப் பள்ளியில் இரண்டு வருடம் இன்னொரு பணியிடம் காலி. ஒன்று முதல் ஐந்து வரை நான் ஒருத்தி. நாலாவதில் ஒரு பெண், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கரும்பலகையில் எழுதிப்போட்டால் முதலில் எழுதி முடிப்பவள் அவள்தான். நோட்டு முழுக்க நான் 'மிக நன்று' போட்டிருக்கிறேன். ஒரு நாள் பலகையை அழித்துவிட்டு, நீ எழுதியதை நீயே படி என்றேன். நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். 'டீச்சர், எனக்கு எழுதத்தான் வரும்' என்றாள். எழுத்துகளைக் கோலம் மாதிரி பார்த்து வரைந்திருக்கிறாள். இரண்டு வருடம் என் கண்ணெதிரில். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. அதன் பிறகு தினமும் பள்ளி விட்டதும் இருபது நிமிடம் அவளோடு உட்கார்ந்தேன், எழுத்து அட்டைகளை வைத்துக்கொண்டு. பங்குனியில் படித்தாள்.

அந்தப் பிள்ளைக்கு வீட்டில் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. அவள் அம்மா விடிகாலையில் பூப் பறிக்கப் போய்விடுவார். உங்கள் மகளுக்கு அப்படி நடந்தால் ஒரு வாரத்தில் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். அந்தப் பள்ளியில் குறையக்கூடியது, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு பெரியவர் உட்காரும் நேரம். அதை உங்களால் வீட்டில் கொடுக்க முடியும். உங்கள் வீட்டில் குறையக்கூடியது, இன்னும் 46 பிள்ளைகள். அதை நீங்கள் எத்தனை பி.எட். படித்தாலும் கொடுக்க முடியாது. என் யோசனை முழுக்க இந்த ஒரு கணக்கில்தான் நிற்கிறது.

46 பிள்ளைக்கு இரண்டு டீச்சர் என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். தொடக்கப் பள்ளியில் 60 பேர் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டமே சொல்லும் கணக்கு. இரண்டு பேரும் ஒழுங்காக வருகிறார்களா, ஒருவர் எப்போதும் மாற்றுப்பணி என்று வேறு பள்ளிக்குப் போய்விடுகிறாரா என்பதுதான் நீங்கள் விசாரிக்க வேண்டியது. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பதை நினைத்து முகம் சுளிக்காதீர்கள். நாலாவது படிக்கும் பிள்ளை இரண்டாவது பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இரண்டுக்கும் பாடம் ஏறும். காலையில் அங்கேயே சூடாக உப்புமாவோ பொங்கலோ கிடைக்கும், 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு இருக்கிறது. ஏழேகால் வேனுக்கு அரை தோசையோடு ஓடியவளுக்கு இதுவே ஒரு மருந்து.

இங்கிலீஷ் போய்விடுமே என்று நினைப்பீர்கள். மூன்று வருடம் படித்ததை இரவு இருபது நிமிட வாசிப்பில் காப்பாற்றிவிடலாம். ஒரு பக்கம் அவள் சத்தமாகப் படிக்கட்டும், ஒரு பக்கம் அவள் அப்பா படிக்கட்டும். பெங்களூரில் இருக்கும் நாளில் போனில் படிக்கட்டும். இதை முழுக்க அவர் பொறுப்பில் விடுங்கள். கணக்கை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பாலக்கோடு தக்காளி மண்டி போதும். இன்றைக்குப் பெட்டி என்ன விலை, நேற்று என்ன விலை, பறிகூலி எவ்வளவு, வண்டி வாடகை எவ்வளவு, கையில் என்ன நின்றது. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நோட்டு போட்டுக் கொடுத்து இதைத் தினமும் எழுதச் சொல்லுங்கள். விலை சரிகிற வாரத்தில் கழித்தல் கணக்கு அவளுக்குப் புரிகிற மாதிரி எந்தப் புத்தகத்திலும் புரியாது. சின்னவனுக்கு இப்போதைக்குக் கதை போதும், பாட்டி இருக்கிறார். வீட்டுக்கல்வியில் உங்கள் கணவர் ஆசைப்பட்டது இதுதானே? நாலு மணிக்கு மேலும் சனி ஞாயிறும் அதற்கு ஏராளமாக இருக்கிறது.

ஐந்தாவது முடிந்ததும் மறுபடி ஒரு முடிவு எடுக்க வேண்டி வரும், அதை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அடுத்த வருடமே பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டப் படிப்புகளுக்கும் கொடுத்தார்கள். அதற்கு ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வனும் ஆறாவதிலிருந்துதான் கணக்கு வைக்கின்றன. அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீதத்துக்கு ஒன்றாவதிலிருந்தே தமிழ் வழி வேண்டும். அது சின்னவனுக்குப் பொருந்தும். எட்டு வயதுப் பிள்ளையை இந்தக் கணக்கையெல்லாம் பார்த்து வளர்க்க வேண்டியதில்லை, ஆனால் தெரியாமல் இழக்கவும் கூடாது.

பள்ளிக்குப் போகவே முடியாத நோய், சேர்ந்த இடத்திலெல்லாம் அடிபட்டு நொறுங்கிப்போன மனம், இப்படி இருந்தால் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன், சொல்லியும் இருக்கிறேன். மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கு அரசே வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கிறது. மகளிடம் அந்தக் கதையைக் கேட்கும்போது அப்படிப் பெரிதாக ஏதாவது வெளியே வந்தால், யாராவது தொட்டது, அடித்தது, மிரட்டியது என்று எதுவாக இருந்தாலும், ஜூன் வரை காத்திருக்காதீர்கள். நாளையிலிருந்தே வேன் ஏற்ற வேண்டாம், 1098-க்குப் போன் செய்யுங்கள், எனக்கும் எழுதுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் இந்த வருடத்தை முடித்துவிட்டு டி.சி. வாங்கி, ஜூனில் இரண்டு பேரையும் ஊர்ப் பள்ளியில் சேருங்கள். ஒரு முழு வருடம் கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்களாக இருக்க வேண்டும், மொத்தக் குழுவில் பாதிப் பேர் பெண்கள். தலைவரும் ஒரு பெற்றோர்தான். நீங்கள் அதில் உட்கார்ந்தால் அந்தப் பள்ளிக்கு ஒரு பலம். கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமையும் கிடைக்கும்.

அதற்கு முன்னால் ஒரு நாள் போய்ப் பாருங்கள். தலைமையாசிரியரிடம் முதல் நாளே சொல்லிவிட்டு, அவளுக்கு லீவும் அங்கே பள்ளியும் இருக்கிற ஒரு சனிக்கிழமையாகப் பார்த்து, இல்லாவிட்டால் அவளுக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு மதியம் பன்னிரண்டரை வாக்கில் போங்கள். டீச்சர் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, 'டேய்', 'ஏய்' என்கிறாரா என்று கவனியுங்கள். புத்தகங்கள் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றனவா, பிள்ளைகள் கைபட்டுக் கிழிந்து கிடக்கின்றனவா என்று பாருங்கள். கிழிந்திருந்தால் சந்தோஷப்படுங்கள். மணி அடித்ததும் அவள் டிபன் பாக்ஸை அவள் கையில் கொடுத்து, அந்தப் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார விட்டுவிட்டு, நீங்கள் தள்ளிப் போய் வேப்ப மரத்தடியில் நின்றுகொள்ளுங்கள். அவள் உங்களைத் திரும்பிப் பார்ப்பாள். உடனே போகாதீர்கள். பக்கத்துப் பிள்ளை அவள் டப்பாவில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிற வரை நில்லுங்கள்.